கொழும்பில வேலை, றூம், போன் எண்டே காலம் போகுது. ஆக்களோட சேர ஒரு பொழுதுபோக்கு சொல்லுங்கோவன்

தனிக்காட்டுராசா
எல்லாருக்கும் வணக்கம். கனநாளா இஞ்ச வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், எழுதுறது இதுதான் முதல் தரம். வயசு 26, ஊர் சாவகச்சேரி. கொழும்புக்கு வந்து மூண்டு வருசம். வெள்ளவத்தையில ஒரு வீட்டு மேல்மாடியில அனெக்ஸ், ஐடி வேலை, கிழமையில மூண்டு நாள் றூமிலயே இருந்து வேலை. வந்த புதுசில கம்பஸ் பொடியள் ஆறு பேர் ஒண்டா இருந்தம், வெள்ளி எண்டா கொத்து, ஞாயிறு எண்டா கடற்கரை, அப்பிடி ஒரு பம்பல். பிறகு ஒவ்வொருத்தனா வெளிக்கிட்டாங்கள். ரெண்டு பேர் கனடா, ஒருத்தன் லண்டன், ஒருத்தன் மெல்பேர்ண், மிச்சமா இருந்தவனும் கலியாணம் கட்டி வத்தளைப் பக்கம் போட்டான். இப்ப வட்சப் குறூப்பில மட்டும்தான் ஆறு பேர், அதிலயும் நான் ஏதும் போடுற நேரம் பாதிப் பேருக்கு நித்திரை நேரம்.

போன சனி முழுக்க நான் வாய் திறந்தது ரெண்டே ரெண்டு தரம். ஒண்டு பேக்கரியில "ரெண்டு மாலுபணிஸ் தாங்கோ", மற்றது வீட்டுக்கார அன்ரி தண்ணி மோட்டர் போட்டதோ எண்டு கேக்க "ஓம் அன்ரி". இரவு படுக்கேக்கதான் அது விளங்கிச்சு, கொஞ்சம் பயந்திட்டன்.

ஜிம்முக்குப் போய்ப் பாத்தன், எல்லாற்ற காதிலயும் ஹெட்போன். குடிக்கிறதில்லை, அதால ஒஃபிஸ் ஆக்களின்ர வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலயும் நான் மிக்சர் கோப்பையோட ஒரு மூலையில. சிங்களம் சாமான் வாங்கிற அளவுக்கு வரும், பகிடி விடுற அளவுக்கு வராது. மாசம் அஞ்சாயிரம் வரை செலவழிப்பன். என்னத்தில சேரலாம்?

சும்மா_இரு
கலியாணத்தைக் கட்டும் தம்பி. பேந்து ஒரு மணித்தியாலம் தனிய இருக்க விடு கடவுளே எண்டு நேர்த்தி வைப்பீர்.

அஞ்சுமணி_ஓட்டம்
சும்மா_இரு அண்ணையைக் கணக்கெடுக்காதேங்கோ, அவர் வீட்டு லோன் பற்றின இழையிலயும் இதைத்தான் சொன்னவர்.

நான் சொல்லுறது ஓட்டம். விடிய அஞ்சு, அஞ்சரைக்கு சுதந்திர சதுக்கத்துக்குப் போய்ப் பாருங்கோ, ஓடுறவை, நடக்கிறவை, சும்மா நிண்டு கையை ஆட்டுறவை எண்டு ஊரே நிக்கும். சப்பாத்து ஒண்டுதான் செலவு. ஆனா போன உடன ஆக்கள் வந்து கதைப்பினம் எண்டு நினையாதேங்கோ. நான் மூண்டு மாசமா ஒரே முகங்களைத்தான் கண்டனான், தலையாட்டுறதோட சரி. வெள்ளை பெனியன் போட்ட ஒரு பெரியவர், அறுபதுக்கு மேல இருக்கும், ஒவ்வொரு சுத்திலயும் என்னை முந்திக்கொண்டு போவார், அது வேற மானக்கேடு. பிறகு எனக்கு டெங்கு வந்து ரெண்டரைக் கிழமை போகேல்ல. திரும்பிப் போன அண்டு அந்த மனிசன் ஓட்டத்தை நிப்பாட்டி, எங்க மகனே காணக்கிடைக்கேல்ல எண்டு சிங்களத்தில கேட்டார். எனக்கு வந்த சிங்களத்தில "டெங்கு" எண்டன். அவ்வளவுதான், பப்பாசி இலைச் சாறு எப்பிடிச் செய்யிறது எண்டு கால் மணித்தியாலம் வகுப்பு எடுத்தார். எனக்குச் சுகம் வந்திட்டுது எண்டு சொல்லவே விடேல்ல. இப்ப ஏழு பேர் நாங்கள், சனி ஓடி முடிய ஒண்டாப் பிளேன்டீ குடிக்கிறனாங்கள்.

தனிக்காட்டுராசா
அண்ணை, கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா விடிய அஞ்சு மணிக்கா? எனக்கு அது பின்னிரவு. ஒருக்கா ட்ரை பண்ணுறன், சத்தியம் பண்ண மாட்டன்.

மழைக்குருவி
நான் பறவை பாக்கிறனான். சிரியாதேங்கோ, நானும் அது பென்சன் எடுத்த ஆக்களின்ர வேலை எண்டுதான் நினைச்சனான். என்ர கூட வேலை செய்யிற பிள்ளை இழுத்துக்கொண்டு பெத்தகான சதுப்புநிலப் பூங்காவுக்குப் போனவ, கோட்டைப் பக்கம் (புறக்கோட்டைக்குப் பக்கத்துக் கோட்டை இல்லை, மற்ற கோட்டை, ஜெயவர்த்தனபுர). மரப்பலகை போட்ட பாதை, ரெண்டு பக்கமும் தண்ணி, பத்து நிமிசத்தில நீலத் தாழைக்கோழி, மூண்டு விதமான கொக்கு, மீன்கொத்தி. கொழும்புக்கு 2018ல ராம்சார் ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கிடைச்சது, உலகத்தில முதல் தரம் குடுத்த 18 நகரங்களில நாங்களும் ஒண்டு. இஞ்ச இருக்கிற எங்களுக்கு அது தெரியாது, வெள்ளம் வந்தால் மட்டும்தான் சதுப்புநிலம் ஞாபகம் வரும்.

கூச்ச சுபாவம் உள்ள ஆக்களுக்கு இதை நான் ஏன் சொல்லுறன் எண்டால், இதில ஒராளின்ர முகத்தை ஒராள் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை. எல்லாரும் பக்கத்தில பக்கத்தில நிண்டு மரத்தைப் பாக்கிறம். கதைக்க ஒண்டும் இல்லையெண்டால் கதைக்காமல் இருக்கலாம், அதை ஒருத்தரும் குறையா நினைக்க மாட்டினம், மாறிக் கதைச்சால்தான் "உஷ்" எண்டுவினம். கோப்பிக் கடையில அஞ்சு நிமிசம் பேசாமல் இருந்து பாருங்கோ, செத்துப்போவீங்கள்.

இப்ப வலசை வாற காலம் வேற. ஆறுமணிக்குருவி கேட்டிருப்பீங்கள், விடியவும் பின்னேரமும் ஆறு மணி மட்டில கத்திறதால அந்தப் பேர். இந்தியாவில இருந்து ஐப்பசி மட்டில வந்து சித்திரைக்கிடையில திரும்பிப் போயிடும், கொழும்பில வீட்டு வளவுகளிலயும் நிக்கும். கொழும்புப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து களப் பறவையியல் குழு ஒண்டு 1976ல இருந்து இயங்குது, படிக்கிற பொடியளில இருந்து தாத்தாமார் வரை இருக்கினம். பைனாகுலர் உடன வாங்காதேங்கோ, அது விலை. முதல் நாலு தரமும் மற்ற ஆக்களிட்ட வாங்கிப் பாருங்கோ. "ஒருக்காத் தாறீங்களோ" எண்டு கேக்கிறதே ஒரு கதை தொடங்கிற வழி.

மருதானை_மச்சான்
மச்சான் இவ்ளோ யோசிக்காதீங்க. நம்ம புட்சால் குறூப் ஒண்டு ஈக்கி, செவ்வாய் ராவு எட்டு மணி, கோர்ட் காசு பத்துப் பேருக்குப் பிரிச்சா பெரிசா ஒண்டும் வராது. எப்பவும் ஒராள் வராம உடுவான். கோலுக்கு நிக்க ஆளில்ல. பந்து அடிக்கத் தெரியாட்டியும் பரவால்ல, உயரமா இருந்தா போதும். முடிஞ்சாப் பொறவு சாப்பாடு, அதுதான் மெயின் மேட்ச்.

கணக்குப்பிள்ளை
எல்லாரும் எதில சேரலாம் எண்டுதான் சொல்லுறீங்கள். என்ர பார்வையில எதில சேந்தாலும் ஒண்டுதான், எத்தினை தரம் அதே ஆக்களைக் காணுறம் எண்டதுதான் விசயம். அமெரிக்காவில கன்சாஸ் பல்கலைக்கழகத்தில ஜெஃப்ரி ஹோல் எண்ட பேராசிரியர் 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டவர். தெரிஞ்ச முகம் ஒண்டு சாதாரணச் சிநேகிதமா மாற கிட்டத்தட்ட 50 மணித்தியாலம், நல்ல சிநேகிதமா மாற 90 மணித்தியாலம் மட்டில, நெருங்கின சிநேகிதத்துக்கு 200க்கு மேல எண்டு அதில வருது. வேலையிடத்தில பக்கத்து மேசையில கழிக்கிற நேரத்தில பெரிசா ஒண்டும் வாறேல்ல, சும்மா சேந்து விளையாடிச் சாப்பிட்டுத் திரியிற நேரம்தான் உதவுது எண்டும் அவர் கண்டவர்.

இப்பக் கணக்குப் போடுங்கோ. கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டால் 50 வர 25 கிழமை, கிட்டத்தட்ட அரை வருசம். மாசத்துக்கு ஒருக்கா நடக்கிற கூட்டம் எண்டால் ரெண்டு வருசம் தாண்டும். நாங்கள் என்ன செய்யிறம், ஒரு இடத்துக்கு ரெண்டு தரம் போறம், ஒருத்தரும் கதைக்கேல்ல எண்டு விட்டிட்டு அடுத்ததுக்குப் போறம். கம்பஸில எப்பிடிச் சிநேகிதம் வந்தது? ஒரே கன்ரீன், ஒரே பஸ், ஒரே லெக்சர், நாளுக்கு எட்டு மணித்தியாலம். ஒருத்தரும் முயற்சி செய்யேல்ல, நேரம் தானா ஊறிச்சு. தம்பி, கிழமைக்கு ஒருக்கா, அதே நாள், அதே ஆக்கள், முடிய ஒரு தேத்தண்ணி. இந்த நாலும் இருக்கிற எதையெண்டாலும் பிடியும், ரசனையெல்லாம் பிறகு வரும்.

சும்மா_இரு
சிநேகிதத்துக்கு டைம்ஷீட்டா? ஐடிக்காரரால உலகம் கெட்டது இப்பிடித்தான். எனக்கு என்ர உயிர்ச் சிநேகிதன் 1998ல ஒரு பஸ் பயணத்தில கிடைச்சவன், அஞ்சு மணித்தியாலம்கூட வராது.

கணக்குப்பிள்ளை
அண்ணை, பஸ்ஸால இறங்கின பிறகு எத்தினை மணித்தியாலம் கதைச்சிருப்பீங்கள்?

சும்மா_இரு
அது சரிதான்.

ஹட்டன்காரி
பொண்ணுங்க பக்கமும் யாராவது சொல்லணும்ல, நான் சொல்றேன். நான் ஹட்டன் பக்கம், பம்பலப்பிட்டியில ஹொஸ்டல். கேட் எட்டு மணிக்கு பூட்டிருவாங்க, அதனால ராத்திரி புட்சால், போர்ட் கேம் நைட் எல்லாம் எனக்கு படம் பாக்குற மாதிரிதான். ஏழு மணிக்கு அம்மா போன் பண்ணுவாங்க, பின்னாடி பஸ் சத்தம் கேட்டா அன்னைக்கு ஒரு விசாரணைக் கமிஷன். அதனால எனக்கு வேணும்னா பகல்ல இருக்கணும், காலி ரோட்டுல 100ஓ 101ஓ பஸ்ல போய் வர்ற தூரத்துல இருக்கணும், கூட ரெண்டு பொண்ணுங்களாவது இருக்கணும்.

முதல்ல ஒரு டான்ஸ் கிளாஸ்ல சேந்தேன். மூணு மாசக் காச முன்னாடியே வாங்கிட்டாங்க, ரெண்டாவது வாரம் மாஸ்டர் குவைத் போயிட்டாரு, காச திருப்பிக் கேட்டா அடுத்த மாஸ்டர் வருவாருன்னாங்க, இன்னும் வந்துட்டு இருக்காரு. அதனால எங்கயும் முதல் மாசம் நாள் கணக்குல காசு குடுங்க, மொத்தமா குடுக்காதீங்க.

இப்ப ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்குப் போறேன், ஞாயித்துக்கெழம காலைல. மேடைப் பேச்சுன்னு பயந்துதான் போனேன். அதுல திடீர்னு ஒரு தலைப்பு குடுத்து ஒண்ணுல இருந்து ரெண்டு நிமிசம் பேசச் சொல்லுவாங்க, எனக்கு "குடை"ன்னு வந்துச்சு, நான் முப்பது செக்கன்ல முடிச்சிட்டு மிச்ச நேரம் குடைய புடிச்சிட்டு நின்னேன். பேசுறப்ப எத்தன தடவ "ஆ", "ம்"னு இழுத்தோம்னு எண்ணுறதுக்கே ஒரு ஆளு. எனக்கு பதினேழு. ஆனா ஒண்ணு, எல்லாரும் அசடு வழிஞ்ச எடத்துல சீக்கிரம் பழகிடலாம். நல்லா வர்ற எடத்துல அவ்ளோ சீக்கிரம் பழக முடியாது.

கொட்டாஞ்சேனைக்_கோவிந்தன்
கொழும்புத் தமிழ்ச் சங்கம் கையெட்டும் தூரத்தில இருக்க, இவர் ஆள் தேடித் திரியிறார். 1942ல தொடங்கின சங்கம், நூலகம் இருக்கு, நிகழ்ச்சிகள் நடக்குது, இருக்கிறது வெள்ளவத்தையிலதான்.

தனிக்காட்டுராசா
அண்ணை, நூலகத்துக்குப் போயிருக்கிறன், நல்ல இடம். ஆனா ஒரு நூல் வெளியீட்டுக்குப் போக, தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, ஏற்புரை எண்டு ரெண்டரை மணித்தியாலம் கதிரையில இருந்தன். கடைசியில வடையும் தேத்தண்ணியும் தரேக்கதான் ஆக்கள் கதைக்கத் தொடங்கிச்சினம், அப்ப எனக்குப் பஞ்சியாப் போச்சு, வந்திட்டன்.

கொட்டாஞ்சேனைக்_கோவிந்தன்
வடைக்கு முதல் வந்திட்டு ஆக்கள் கதைக்கேல்ல எண்டுறீரே! நிகழ்ச்சியே வடையிலதானே தொடங்கிறது.

பழைய_துரும்பு
ஒருத்தரும் 304 எண்ட காட்ஸ் விளையாட்டைப் பற்றிச் சொல்லேல்ல, எனக்கு மனவருத்தம். எங்கட ஊரில கோயில் திருவிழா, செத்தவீடு, கலியாணவீட்டு முதல்நாள், கரண்ட் இல்லாத இரவு, எல்லாத்துக்கும் இதுதானே. இப்பத்தைப் பொடியளுக்குத் தெரியாட்டிச் சொல்லுறன். ஏழுக்குக் கீழ எல்லாத்தையும் எடுத்து வைச்சால் 32 காட்ஸ். நாலு பேர், எதிரெதிரா இருக்கிறவை ஒரு பக்கம். ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, கிங் 3, குயின் 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்டுமில்லை. கூட்டிப் பாருங்கோ, ஒரு சாதிக்கு (ஹார்ட்ஸ், ஸ்பேட்ஸ் மாதிரி) 76, நாலுக்கும் 304, பேர் வந்தது அப்பிடித்தான். கிங்கையும் குயினையும் விட ஒன்பது பெரிசு எண்டதை ஒரு புது ஆளுக்கு விளங்கப்படுத்தவே ஒரு பின்னேரம் போயிடும், அந்தப் பின்னேரத்திலயே பாதிச் சிநேகிதம் முடிஞ்சிடும்.

முதல் நாலு காட்ஸைப் பாத்தே கேள்வி, அதாவது எத்தினை புள்ளி எடுப்பம் எண்டு, கேக்கவேணும், 160ல தொடங்கும். கேட்டவர் துரும்பை (மற்றச் சாதியளை வெட்டுற சாதியின்ர ஒரு காட்டை) கவிட்டு வைப்பார், அது என்ன சாதி எண்டு பார்ட்னருக்கும் தெரியாது. இதில இருக்கிற வடிவு என்னெண்டால், வாயால சொல்லக் கூடாது, கண்ணால காட்டக் கூடாது, ஆனா எதிர்ல இருக்கிறவன் என்ன நினைக்கிறான் எண்டு கண்டுபிடிக்கவேணும். கண்ணைக் காட்டினால் சண்டை, காட்டேல்ல எண்டால் "உனக்கு விளங்கேல்லையோ" எண்டு பிறகு சண்டை. ஒரு ஆளோட பத்து ஆட்டம் ஒரு பக்கம் இருந்தால் அவன்ர குணம் முழுக்கத் தெரிஞ்சிடும்: பயந்தவனோ, பேராசைக்காரனோ, தோத்தால் பார்ட்னரைத் திட்டுறவனோ. காசு வைச்சு விளையாடாதேங்கோ, அண்டைக்கே கூட்டம் உடையும்.

கரம்போட்டும் இதே மாதிரித்தான், ஆனா அதுக்குப் போட், பவுடர், லைட் எல்லாம் வேணும். இதுக்கு ஒரு கட்டுக் காட்ஸ், சட்டைப் பொக்கற்றுக்குள்ள அடங்கும்.

நாங்கள் மூண்டு பேர் இருக்கிறம், ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, வெள்ளவத்தையில ஒரு ஐஸ்கிறீம் கடை மேல்மாடியில. நாலாவது ஆள் போன மாசம் டுபாய் போட்டார். ஒரு கை குறையுது.

மருதானை_மச்சான்
மச்சான் நாங்கதான் முதல்ல கேட்டம்.

தனிக்காட்டுராசா
நாலு கிழமைக்குப் பிறகு எழுதுறன், மன்னிக்கவும். எல்லாத்தையும் ஒருக்காச் செய்து பாப்பம் எண்டு போனன்.

ஓட்டம்: ஒரு நாள். அந்த வெள்ளைப் பெனியன் ஐயாவைக் கண்டன் எண்டு நினைக்கிறன், என்னையும் முந்தினவர். அலாரத்தோட எனக்கு இன்னும் சமாதானம் வரேல்ல.

பெத்தகான: மழைக்குருவி சொன்னது சரி. ஒரு அங்கிள் சிங்களத்தில "அவிச்சியா, அவிச்சியா" எண்டு பத்தையைக் காட்டினார், நான் என்ன எண்டு பாக்க, பச்சையும் மஞ்சளுமா ஒண்டு இலைக்குள்ள கிண்டிக்கொண்டு நிக்குது. தமிழில ஆறுமணிக்குருவி எண்டு சொன்னன். அவருக்குச் சந்தோசம் தாங்கேல்ல, "ஆறு" எண்டால் என்ன, "மணி" எண்டால் என்ன எண்டு எழுதிக் கேட்டார். வீடு வரேக்க என்னட்ட சிங்களத்தில பன்னிரண்டு பறவைப் பேர், அவரிட்டத் தமிழில எட்டு. பகிடி விட இன்னும் வராது, ஆனா கொக்கைப் பற்றிக் கதைக்க வரும். மாசத்துக்கு ரெண்டு தரம் போறதெண்டு யோசிச்சிருக்கிறன்.

புட்சால்: மருதானை மச்சானிட்ட மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுறன். உயரம் மட்டும் காணாது எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும்.

மருதானை_மச்சான்
பதினொரு கோல். நான் எண்ணல்ல, எதிர் டீம்தான் எண்ணிக்கிட்டு ஈந்திச்சி. ஆனா சாப்பாட்டுக்கு வாங்க, அதுல நீங்க நல்ல ப்ளேயர்.

தனிக்காட்டுராசா
சாப்பாட்டுக்கு வருவன். 304தான் பிடிச்சுக்கொண்டுது. முதல் ஞாயிறு சும்மா பாத்துக்கொண்டு இருந்தன், ரெண்டாவது ஞாயிறு நாலாவது கையா இருந்து 180 கேட்டு அழிஞ்சன், பழைய_துரும்பு அண்ணை ஒரு சொல்லும் சொல்லேல்ல, ஆனா அவர் ஐஸ்கிறீமைக் கிண்டின விதத்திலயே விளங்கிச்சு. மூண்டாவது கிழமை சரியான மழை, கடல்பக்கம் எல்லாம் ஒண்டும் தெரியேல்ல, போகாமல் விடுவம் எண்டு படுத்திருக்க போன் வந்தது, "தம்பி, நீர் வராட்டி மூண்டு பேராலயும் விளையாடேலாது." என்னை ஒரு ஆள் வரச்சொல்லிக் கூப்பிட்டு எத்தினை காலம் எண்டு யோசிச்சன். நனைஞ்சுகொண்டு போனன்.

கணக்குப்பிள்ளை அண்ணைக்கு: இதுவரை ஒன்பது மணித்தியாலம். 41 கிடக்கு.

ஹட்டன்காரி
நாலு மணியிலிருந்து ஆறு மணின்னா எனக்கும் சரிதான், ஹொஸ்டல் கேட்டுக்கும் சரிதான். ஆனா ரெண்டு பொண்ணுங்க வேணும்னு சொன்னேன்ல. மழைக்குருவி அக்கா, காட்ஸ் தெரியுமா?

மழைக்குருவி
எங்கட அம்மம்மாவோட விளையாடினனான், அவ களவு விளையாடுறவ. வாறன்.

பழைய_துரும்பு
அப்ப ஆறு பேர். நாலு பேர் விளையாட ரெண்டு பேர் பாக்கிறது, தோக்கிற பக்கம் எழும்பவேணும். பாக்கிற ஆக்கள் வாய் திறக்கக் கூடாது, இதை இப்பவே சொல்லிப்போட்டன்.

சும்மா_இரு
ஞாயிறு நான் சும்மாதான் இருக்கிறன். பாக்க மட்டும் வரலாமோ? களுத்துறையில இருந்து ரெயினில வந்தால் நாலேகால் ஆகும்.

பழைய_துரும்பு
வாரும். வரேக்க ஒரு புதுக் கட்டுக் காட்ஸ் வாங்கிக்கொண்டு வாரும், எங்கட கட்டில ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஒன்பதின்ர மூலை மடிஞ்சு போச்சு, பின்பக்கமாப் பாத்தாலே எல்லாருக்கும் தெரியுது.